துரையைக் குடியேற்றிய சொல்

1

போன மாதம் எங்கள் எஸ்டேட்டில் எனக்கு ஒரு தேநீர் விருந்து வைத்தார்கள். நான் இங்கே கிராணியாக வந்து இருபது வருஷம் ஆகிவிட்டதாம். கிராணி என்றால் நம் ஊரில் குமாஸ்தா. மலாயாவில் பேராக் பக்கம், ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு தகரக் கூரை ஆபீஸில் இருபது வருஷமாக ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். மேசையை இரண்டு தரம் மாற்றினார்கள். என்னை மாற்றவில்லை.

விருந்தில் மானேஜர் துரை எழுந்து பேசினார். நல்ல மனிதர். என் கையெழுத்தைப் புகழ்ந்தார், வருகைப் பதிவேட்டைப் புகழ்ந்தார். கடைசியில், "இவர் இந்தியாவிலிருந்து வந்து நம் நடுவே நன்றாகச் செட்டில் ஆகிவிட்டார்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். புன்னகை இல்லை, உரத்த சிரிப்பு. வாயிலிருந்த தேநீரில் பாதி மூக்கு வழியாக வந்தது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரஸ்ஸர் ஓடி வந்து என் முதுகில் நாலு அடி போட்டார். மானேஜர் பேச்சை நிறுத்தி, தான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டோமா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். எனக்குப் போட்டிருந்த மாலை ஒரு பக்கமாக நனைந்து தொங்கியது.

இரண்டாவது வரிசையில் என் மகள் செல்லம்மாள் உட்கார்ந்திருந்தாள். பதினைந்து வயது. டவுனில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அவள் தலையைத் திருப்பிக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த ராஜா படத்தை முதல்முறையாகப் பார்ப்பவள் மாதிரிப் பார்த்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது சொன்னாள்: "அப்பா, இனிமே ஸ்கூல்ல யாராச்சும் கேட்டா உங்களை எங்க மாமான்னு சொல்லப் போறேன்."

"உன் மாமன் என்னைவிட மோசம்" என்றேன்.

கொஞ்ச தூரம் போனதும் அவளுக்கே பொறுக்கவில்லை. "அதுல சிரிக்க என்ன இருந்திச்சு?"

அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். உங்களில் ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கத்துக்காரர்கள் யாராவது இருந்தால், படித்துவிட்டு என்மேல் கோபப்படாமல் இருக்க வேண்டும். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது.

2

எனக்கு ஊர் முள்ளுக்குறிச்சி. கொல்லிமலை அடிவாரம். என் அப்பா வண்டிக்காரர். மலையிலிருந்து தலைச்சுமையாக இறங்குகிற பலாப்பழத்தையும் மிளகையும் தேனையும் சந்தைக்கு ஏற்றிக்கொண்டு போவார். அதனால் மலைக்காரர்கள் பேச்சு எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

ராசிபுரத்தில் மூன்றாம் பாரம் வரைக்கும் படித்தேன். எங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்த வாத்தியாருக்கு ஒரு கொள்கை இருந்தது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள். கெட் என்றால் பெறு. ரன் என்றால் ஓடு. செட்டில் என்றால் குடியேறு. இரண்டாவது பொருள் உண்டா என்று கேட்டால் பெஞ்சுமேல் ஏறி நிற்க வேண்டும். இப்படி எண்ணூறு சொற்களை மனப்பாடம் செய்தேன். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று ஊரே நம்பியது. நானும் நம்பினேன்.

பெரிய யுத்தம் முடிந்திருந்த சமயம். மலை நிலங்களை ஆய்ந்து, எது குடியானவனுடையது, எது சர்க்கார் வனம் என்று பிரித்து எழுத ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்து காரவள்ளியில் கூடாரம் போட்டார். அந்த வேலைக்கு இங்கிலீஷில் செட்டில்மென்ட் என்று பெயர் என்பது எனக்கு அப்போது தெரியாது. மலைக்குப் பாதை அங்கிருந்துதான் ஏறுகிறது. வந்த மூன்றாம் நாள் அவருடைய தலைமைக் குமாஸ்தாவுக்கு மலைக்காய்ச்சல் கண்டுவிட்டது. துரைக்குத் தமிழ் தெரியாது. மலைக்காரர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. யாரோ என்னைக் கைகாட்டினார்கள்.

துரை என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உனக்கு மலை ஏறத் தெரியுமா?"

"எஸ் சார்" என்றேன். அந்த இரண்டு சொல்லில் பிழை இல்லை. பிழையெல்லாம் மேலே போன பிறகுதான்.

அந்தக் காலத்தில் ரோடு கிடையாது. கல்லும் வேருமாக ஒற்றையடிப் பாதை. துரையின் குதிரை கால்வாசி ஏறியதும் நின்றது. இழுத்தார்கள், தட்டினார்கள், வெல்லம் காட்டினார்கள். அது கீழே திரும்பி நின்றுகொண்டது. துரை இறங்கி நடந்தார். அவர் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது, கடைசியில் இரண்டும் திட்டுத்திட்டாக இருந்தது. ஆனால் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மலைமேல் பைல் நாடு என்கிற பகுதியில் பதினைந்து வீடுள்ள ஒரு பட்டிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊர்க்கவுண்டர் வீட்டு முன்னால் ஒரு பலாமரம். அதன் அடியில் துரைக்கு மடக்கு நாற்காலியை விரித்தார்கள். ஊர் முழுவதும் எதிரே கூடி நின்றது. ஊர்க்கவுண்டர் பெருமாக் கவுண்டர், ஒல்லியான மனிதர், கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார்.

துரை இங்கிலீஷில் சொன்னார்: "நான் இந்த மலையைச் செட்டில் செய்ய வந்திருக்கிறேன் என்று சொல். ஒரேயடியாகச் செட்டில் செய்துவிட்டுத்தான் போவேன்."

போவதைப் பற்றிக் கடைசியில் சொன்னது எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. மற்றதில் சந்தேகமே இல்லை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "தொரை இந்த மலையில குடியேற வந்திருக்கறாருங்க. ஒரேயடியாக் குடியேறீருவாராம்."

ஒரு பலாப்பழத்தை ஈ மொய்க்கிற சத்தம் கேட்டது.

பெருமாக் கவுண்டர் தொண்டையைச் செருமினார். "ஒண்டியாவா, குடும்பத்தோடயான்னு கேளுங்க தம்பி."

கேட்டேன். துரை அதை ஒரு மரியாதையான விசாரிப்பு என்று எடுத்துக்கொண்டார். மனைவி சேலத்தில் இருப்பதாகவும், வெயில் குறைந்தால் மலையைப் பார்க்க வரலாம் என்றும் சொன்னார்.

"அம்மா சேலத்துல இருக்கறாங்க. வெயில் தாழ்ந்ததும் வந்துருவாங்களாம்" என்றேன்.

கூட்டத்தில் ஒரு பெண்பிள்ளை மெதுவாக, "போச்சு" என்றது.

3

அவர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது. அதற்கு முன்னால் அந்த மலையில் எந்த அதிகாரி வந்தாலும் ஜனங்கள் செய்வது ஒன்றுதான். பேசாமல் இருப்பார்கள். இது யார் நிலம் என்று கேட்டால், "சர்க்கார் நெலமுங்க" என்று சொல்லிவிட்டு ஒதுங்குவார்கள். தன்னுடையது என்று சொன்னால் தீர்வை போடுவானோ, ஆள் பிடிப்பானோ என்கிற பயம். முந்தின வருஷம் மலையின் மறுபக்கம் இரண்டு பட்டிகளில் இதே துரை விசாரித்தபோது அப்படித்தான் ஆயிற்று. கேட்க ஆளில்லாத நிலமெல்லாம் வனம் என்று எழுதிக் கல் நட்டுவிட்டார்கள். அடுத்த மழைக்கு விதைக்கப் போனவர்களைக் காவலாளி திருப்பி அனுப்பினான். இதைத் துரையே பிறகு என்னிடம் வருத்தமாகச் சொன்னார். "யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் என்ன எழுதுவது?"

ஆனால் குடியேற வருகிறவன் விஷயம் வேறு. சும்மா இருந்தால் நல்ல நிலமாகப் பார்த்து உட்கார்ந்துவிடுவான். வேண்டாம் என்று துரையிடம் சொல்லவும் முடியாது. ஊர் கூடிப் பேசியது. பெருமாக் கவுண்டர் சொன்ன தீர்ப்பை எனக்குப் பிறகு அவரே சொன்னார்: "எடமில்லீன்னு நாம சொல்லக் கூடாது. எடமே அதைச் சொல்லோணும்."

மறுநாள் காலையில் துரை நிலம் பார்க்கக் கிளம்பினார். ஒவ்வொரு நிலத்தின் வரப்பிலும் ஒரு குடும்பம் முழுசாக நின்றுகொண்டிருந்தது. கைக்குழந்தைகளைக்கூட விடவில்லை.

"இது எங்க அப்பன் காடுங்க. அதுக்கு முன்னால அவங்க அப்பன் உழுதது."

"இது எங்க அப்புச்சி, எங்கம்மாளைக் கட்டிக் குடுக்கையில குடுத்ததுங்க. அந்தா மொளகுக் கொடி தெரியுதுங்களா, அவரு வெச்சது."

அப்புச்சி என்றால் அம்மாவின் அப்பா. இதையெல்லாம் நான் நிலம், விதை, தாத்தா என்று தெரிந்த சொற்களில் சொல்லச் சொல்லத் துரை எழுதிக்கொண்டே வந்தார். இரண்டு நிலங்களுக்கு நடுவே ஒரு வழுக்குப் பாறை. அதன்மேல் ஒரு பெண்பிள்ளை காலை நீட்டிப் படுத்திருந்தது. சாமை காயவைக்கிற பாறையாம், அதுவும் அந்த வீட்டுக்குச் சொந்தமாம். படுத்தபடியே சொல்லிற்று. துரை அதையும் எழுதினார்.

மூன்றாம் நாள் ஒரு வேலித் தகராறு வந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரு துண்டு நிலத்துக்காக ஒன்பது வருஷம் பேசிக்கொள்ளாமல் இருந்தவர்கள். துரை இது யாருடையது என்று கேட்டதும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அண்ணன் என் பக்கம் குனிந்து, "தம்பிக்கே எழுதச் சொல்லுங்க. தொரைக்குப் போகாம இருந்தாப் போதும்" என்றான். தம்பி உடனே, "அதெப்படிங்க, பாதி அண்ணனுக்கு" என்றான். அங்கேயே இருவரும் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்றார்கள். துரைக்குக் கண் கலங்கிவிட்டது. தன் உத்தியோகத்தில் இவ்வளவு ஒளிவு மறைவில்லாத ஜனங்களைப் பார்த்ததே இல்லை என்றார்.

எல்லாம் சரிதான். ஆனால் நாலாம் நாள் ஊர்க்கவுண்டர் மனைவி பாவாயி ஒரு கேள்வி போட்டார். "நம்ம காட்டையெல்லாம் காட்டியாச்சு. அந்த மனுசன் எங்கதான் இருப்பாரு?"

பட்டிக்கு மேற்கே ஒரு கல்மேடு இருந்தது. அருகம்புல்கூட முளைக்காது. காற்று மட்டும் விளையும். அதைத் துரைக்கு விடுவது என்று முடிவாயிற்று. விட்டதோடு நிற்கவில்லை. கம்பு நட்டு, மூங்கில் தட்டி கட்டி, புல் வேயத் தொடங்கிவிட்டார்கள். பாவாயி என்னிடம் வந்து, "தொரை கீழ உக்காருவாருங்களா தம்பி?" என்று கேட்டார். அவருக்கு முழங்கால் மடங்காது என்றேன். உடனே பலாப் பலகையைச் சுவரோரம் பதித்து, சாய்ந்துகொள்ள வாகாக ஒரு ஆசனம் அடித்தார்கள்.

துரை அந்தப் பக்கமாக வந்தவர் பார்த்துவிட்டார். "அது என்ன, ஆட்டுப்பட்டியா?"

"வீடு சார்."

"யாருக்கு?"

"புதிதாகக் குடியேறுகிறவருக்கு சார்."

துரை தலையாட்டிவிட்டு, இந்தப் பட்டியில் ஜனத்தொகை பெருகி வருகிறது என்று எழுதிக்கொண்டார்.

4

இந்த இடம் வரைக்கும் கேட்ட செல்லம்மாள், "செட்டில்னா குடியேறுன்னும் அர்த்தம் இருக்குதானே? நீங்க சொன்னது தப்பே இல்லயே" என்றாள். அப்பனுக்காகப் பரிந்து பேசியது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த மகள் நம் ஊரை 'கொல்லி புக்கிட்' என்று சொல்கிறவள். புக்கிட் என்றால் மலாய் பாஷையில் மலை. தமிழில் கடிதம் எழுதச் சொன்னால், மாமாவுக்கு 'அன்புள்ள மாமி' என்று தொடங்குவாள்.

நான் அவளுக்கு என் ஆபீஸைப் பற்றிச் சொன்னேன். இருபது வருஷமாக இந்த ஒரு சொல் என்னை விடவில்லை. ஒரே காலையில் மானேஜர் சொல்வார்: தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் இரண்டு பெண்கள் சண்டை, போய்ச் செட்டில் செய். ஸ்டோரில் ரப்பர் பாலில் மண் இருக்கிறது, கொஞ்ச நேரம் செட்டில் ஆக விடு. கப்பலில் வந்த புது ஆட்களை ஏழாம் நம்பர் லயத்தில் செட்டில் செய். வயிறு சரியில்லை, செட்டில் ஆக இஞ்சித் தண்ணி கொண்டு வரச் சொல். என் வாத்தியார் இங்கே இருந்திருந்தால் மானேஜரைப் பெஞ்சுமேல் ஏற்றியிருப்பார்.

என் விஷயத்தில் சர்க்கார் காகிதங்களும் சும்மா இருந்ததில்லை. இங்கே வந்து இறங்கியதும் பிறந்த இடம் கேட்டார்கள். "முள்ளுக்குறிச்சி, கொல்லி ஹில்ஸ் அடிவாரம்" என்றேன். முள்ளுக்குறிச்சியை எழுத அந்த ஆளுக்குப் பொறுமை இல்லை. கொல்லியை மட்டும் எழுதினார், அதையும் 'கூலி ஹில்ஸ்' என்று எழுதினார். திருத்தக் கேட்டு மனுப் போட்டேன். மனு கிடைத்தது என்று பதில் வந்தது. மேல்விலாசத்தில் என் பெயருக்குக் கீழே கூலி ஹில்ஸ். பதினோரு வருஷம் கழித்துத்தான் திருந்தியது. அதற்குள் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் செல்லம்மாளின் பள்ளிக்கூடச் சேர்க்கையிலும் அது ஏறிவிட்டது. அவள் தோழிகள், கூலிகளுக்கென்றே உங்கள் ஊரில் தனி மலை உண்டா என்று கேட்டார்களாம்.

செல்லம்மாள் மறுநாள் பள்ளிக்கூடத்தில் உள்ள பெரிய அகராதியைப் புரட்டி, ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். நான் பொருள் தெரியாமல் மென்ற சொல்லுக்குப் பூர்வீகம் இருக்கிறதாம். ஆதியில் அது ஆசனத்தைக் குறிக்கிற ஒரு பழைய சொல்லிலிருந்து வந்ததாம். உட்காரவைப்பதுதான் முதல் பொருள். குருவி கிளையில் உட்காருவதும், மண் தண்ணீருக்கு அடியில் உட்காருவதும், மனிதன் ஒரு ஊரில் உட்காருவதும் அதிலிருந்து வந்தவை. சாய்மானம் வைத்த மரப்பெஞ்சுக்கு இங்கிலீஷில் இன்றைக்கும் செட்டில் என்றே பெயராம். அதோடு, சமாதானம் செய்துவைப்பது என்று பொருள்படும் இன்னொரு பழைய சொல்லும் இருந்திருக்கிறது. இரண்டுக்கும் ஓசை கிட்டத்தட்ட ஒன்று. காலப்போக்கில் ஜனங்கள் வாயில் இரண்டும் கலந்து ஒன்றாகிவிட்டனவாம்.

"ரெண்டு வார்த்தைப்பா. ஒண்ணு உக்காருறது, ஒண்ணு ராசியாகிறது" என்றாள்.

அண்ணனும் தம்பியும் தோளில் கைபோட்டு நின்றதை நினைத்துக்கொண்டேன். அகராதிக்காரர்களுக்கு அந்த மலையில் ஒரு பட்டியிலேயே எல்லாப் பொருளும் கிடைத்திருக்கும்.

5

ஆறாம் நாள் தலைமைக் குமாஸ்தா காய்ச்சல் தெளிந்து டோலியில் ஏறி வந்தார். காவிரிக்கரைப் பக்கத்து மனிதர். நல்ல படிப்பாளி. கம்பளியைப் போர்த்திக்கொண்டு பலாமரத்தடியில் இறங்கியவர், சுற்றி நின்றவர்களை விசாரித்தார். பெருமாக் கவுண்டர் மரியாதையாகக் கேட்டார்: "ஏனுங்க, தொரை புது ஊட்டுல எப்பப் பால் காய்ச்சறாருங்க?"

"எந்த வீடு?"

சொன்னார்கள். குமாஸ்தா என்னைப் பார்த்தார். பிறகு துரையிடம் போய் இங்கிலீஷில் நெடுநேரம் பேசினார். அந்தப் பேச்சில் செட்டில் என்ற சொல் ஏழெட்டு முறை வந்தது.

துரை என்னைக் கூப்பிட்டார். "செட்டில் என்றால் என்ன?"

"குடியேறு, சார். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்."

துரை கையிலிருந்த நோட்டை மூடினார். அதற்குப் பதில் திட்டியிருந்தால் பரவாயில்லை.

குமாஸ்தா சொன்னதில் சட்டப்படி குற்றம் இல்லை. ஜனங்கள் வேறு எதையோ நினைத்துக்கொண்டு சொன்ன சாட்சி இது, செல்லாது, எல்லாவற்றையும் அடித்துவிட்டு முறையாக மறுபடி கேட்க வேண்டும் என்றார். துரை ஒப்புக்கொண்டார்.

ஊர் மறுபடி பலாமரத்தடியில் கூடியது. குமாஸ்தா எழுந்து, நிலவரி ஏற்பாட்டின் பொருட்டு அனுபோக பாத்தியதைகளை விசாரணை செய்ய உத்தேசித்து, என்று தொடங்கி மூச்சு விடாமல் பேசினார். தமிழ்தான். மலைக்காரர்கள் என் பக்கம் திரும்பினார்கள். பெருமாக் கவுண்டர் கேட்டார்: "ஏனுங்க தம்பி, அப்பத் தொரை இங்க குடியிருக்க வரலீங்களா?"

"இல்லீங்க. நான் தப்பாச் சொல்லிப்புட்டேனுங்க. எது உங்க நெலம், எது சர்க்காருதுன்னு எழுத வந்திருக்கறாரு."

"எங்களுதுன்னு எழுதுனாத் தீர்வை உண்டுங்களா?"

பொய் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. "உண்டுங்க."

"எழுதாட்டி?"

"வனமுன்னு கல்லு நட்டுருவாங்க."

அவர் தரையைப் பார்த்தார். பின்னால் நின்றவர்களில் சிலர் ஒதுங்கத் தொடங்கினார்கள். பழைய பயம் வந்துவிட்டது. சர்க்கார் நிலமுங்க என்று ஒருவர் சொல்லிவிட்டால் எல்லாரும் சொல்லிவிடுவார்கள். பாவாயி புருஷனுக்குப் பின்னால் வந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, "ஆறு நாளா எங்களுது எங்களுதுன்னு தொண்ட வரளச் சொன்னமே. இப்ப இல்லீன்னு சொன்னா அந்த மனுசன் நம்மளப் பத்தி என்ன நெனப்பாரு?" என்றார்.

பெருமாக் கவுண்டர் நிமிர்ந்தார். கையை நீட்டி இரண்டு பக்கமும் காட்டினார். "இந்தண்ட ஓடை வரைக்கும், அந்தண்ட பாறை வரைக்கும், எல்லாம் எங்க காடுங்க. எழுதிக்கச் சொல்லுங்க."

குமாஸ்தா துரையிடம் திரும்பினார். "இவனே ஒப்புக்கொள்கிறான் சார். இதெல்லாம் வனம் என்கிறான்."

அந்த இங்கிலீஷ் வாக்கியத்தில் ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாமே என்று ஒரு கணம் நினைத்தேன். எங்கள் பக்கம் காடு என்றால் உழுது விதைக்கிற மேட்டு நிலம். சோளக்காடு, ராகிக்காடு என்றுதான் சொல்வோம். ஆற்றுப் பாசனத்து மனிதருக்கு அது தெரியாது. அவருக்குக் காடு என்றால் புலியும் யானையும். துரை பேனாவைத் திறந்தார். அவர் அதை எழுதிவிட்டால் பதினைந்து வீட்டுக்கும் விதைக்க இடமில்லை.

அரை மணி நேரத்துக்கு முன்னால் பெயர் கெட்டவன் நான். ஊர் முன்னால் தப்பை ஒப்புக்கொண்டு நிற்பவன். இருந்தாலும் வாய் தானாகத் திறந்தது. "நோ சார். வனம் இல்லை சார். வயல் சார்."

குமாஸ்தா, "காடு என்றால் வனம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்" என்றார்.

"எங்க பக்கத்துல காடுன்னா உழுது வெதைக்கற நெலமுங்க."

"இங்கிலீஷைக் கெடுத்தது போதாதென்று தமிழையும் கெடுக்கிறான், சார்."

துரை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "இதில் யார் சொல்வது சரி என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?"

"அந்தக் காட்டில் என்ன விளைகிறது என்று அவரைக் கேளுங்கள் சார்" என்றேன்.

குமாஸ்தாவையே கேட்கச் சொன்னார் துரை. குமாஸ்தா கேட்டார்.

"சாமைங்க, கேவுருங்க, தெனைங்க. ஓரத்துல மொளகு" என்றார் பெருமாக் கவுண்டர்.

"பெரிய மரங்கள் அடர்ந்திருக்கிறதே, அங்கே, அதற்கு என்ன பெயர்?"

"அது சோலைங்க."

"அது யாருடையது?"

பெருமாக் கவுண்டருக்கு அந்தக் கேள்வியே விநோதமாக இருந்தது. "அது சாமியோடதுங்க. அதுல போயி யாராச்சும் ஏர் ஓட்டுவாங்களா?"

குமாஸ்தாவை நல்ல படிப்பாளி என்று சொன்னேனே, நல்ல மனிதரும்தான். துரையிடம் அதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். தான் சொன்னது தவறு என்பதையும் சேர்த்துச் சொன்னார். துரை நோட்டைத் திறந்தார். ஆறு நாளும் எழுதியதை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பெருவிரல் ரேகை வாங்கினார். பாறைமேல் படுத்திருந்த பெண்பிள்ளையும் வந்து ரேகை வைத்தது.

எல்லாம் முடிந்ததும் துரை கல்மேட்டுக்கு நடந்து போனார். குனிந்து அந்த வீட்டுக்குள் நுழைந்தார். பலகையில் உட்கார்ந்தார். காலை நீட்டிப் பார்த்தார். சரியாக இருந்தது. என்னைக் கூப்பிட்டுப் பெருமாக் கவுண்டரிடம் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். "நான் வருவது உங்களுக்குப் பிடிக்கவில்லை. பிறகு ஏன் வீடு கட்டினீர்கள்?"

பெருமாக் கவுண்டர் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். "வர வேண்டாமுன்னுதாங்க இருந்துச்சு. ஆனா வந்தவரை மழையில நிறுத்த முடியுங்களா?"

இதை நான் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக யோசித்துச் சொன்னேன். துரை அன்று மத்தியானம் சாமைச் சோற்றை அந்த வீட்டிலேயே சாப்பிட்டார்.

மறுநாள் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். வேறு வழியில்லை. ஆனால் ஒரு நற்சாட்சிக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அதில் இரண்டே வரி. 'இவனுடைய இங்கிலீஷை நம்ப வேண்டாம். இவனை நம்பலாம்.'

அந்தக் கடிதத்தைக் காட்டியதில் ராசிபுரத்தில் ஒருவரும் எனக்கு வேலை தரவில்லை. அதை எடுத்துக்கொண்டுதான் கப்பல் ஏறினேன். இந்த எஸ்டேட்டில் அப்போதிருந்த மானேஜர் அதைப் படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தார். "நல்ல இங்கிலீஷ் உள்ள மூன்று பேர் என்னிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள்" என்று சொல்லி, காலியாக இருந்த நாற்காலியைக் காட்டினார்.

6

ஆறு வருஷத்துக்கு முன்னால் லீவில் ஊருக்கு வந்தபோது மலைக்குப் போனேன். செல்லம்மாளையும் கூட்டிப் போனேன். அப்போது ஒன்பது வயது. காரவள்ளியில் இறங்கி மலையைப் பார்த்துவிட்டு, மேலே போக ரிக்‌ஷா எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். பாதி வழி என் முதுகில்தான் வந்தாள்.

பெருமாக் கவுண்டர் தவறிப் போயிருந்தார். பாவாயி இருந்தார். முதுகு கூனவில்லை, குரலும் குறையவில்லை. நிலமெல்லாம் அவரவர் கையில் இருந்தது. தீர்வையைத் திட்டிக்கொண்டே கட்டிக்கொண்டிருந்தார்கள். பாவாயி எங்களுக்குப் பலாச்சுளையும் தேனும் வைத்தார். மகளைப் பக்கத்தில் இழுத்து, "வா கண்ணு" என்று தலையைத் தடவினார். செல்லம்மாள் மலாய் பாஷையில் நன்றி சொன்னாள். பாவாயி அதை ஏதோ பக்திச் சொல் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பிறகு என்னை விசாரித்தார். "அங்க எந்த ஊர்ல இருக்கறீங்க தம்பி?"

"ஊருன்னு இல்லீங்க. தோட்டமுங்க. ரப்பர் மரம் வெச்சிருக்கறாங்க."

"எம்புட்டுத் தூரத்துக்கு?"

"காலையில நடக்கத் தொடங்குனா மத்தியானம் வரைக்கும் மரந்தானுங்க."

"அக்கம்பக்கம் யாரு?"

"ஒரு பக்கம் சீனன் கடைங்க. ஒரு பக்கம் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருத்தரு. எதிர ஒரு மலாய்க்காரத் தபால்காரரு. எல்லாம் நல்ல சனமுங்க."

"நீங்க குடியேறப் போனீங்களே, அப்ப இது எங்களுது, இது எங்க அப்பன் வெச்ச மரமுன்னு யாரும் வந்து நிக்கலீங்களா?"

நான் யோசித்துப் பார்த்தேன். "இல்லீங்க. தோட்டம் ஏதோ கம்பெனியோடதுங்க. அவங்க சீமையில இருக்கறாங்க. நான் பார்த்ததில்லீங்க."

"ஒருத்தருமா நிக்கல?"

"ஒருத்தரும் நிக்கலீங்க."

பாவாயி செல்லம்மாளின் கையில் இன்னொரு சுளையை வைத்துவிட்டு, "அப்பறம் அது என்னங்க ஊரு" என்றார்.